பூமியின் ஆழத்தில் இருப்பது தண்ணீர்தானா?

வாசகர் கேள்வி:
600 கிலோமீட்டர் ஆழத்தில், மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் என்ற பாறை அடுக்குக்குள், மேலே உள்ள கடலைவிடப் பெரிய கடல் இருப்பதாகப் படித்தேன். அத்தனை சூட்டில் தண்ணீர் எப்படித் தண்ணீராக இருக்கும்? கொதித்துவிடாதா? "அதில் அலை அடிக்குமா?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஜனவரி 6

அலை அடிக்காது. அங்கே கடல் கிடையாது.

அந்தச் செய்தியின் மூலம் ஒரு வைரம். பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த, நகைக்கு உதவாத பழுப்பு வைரம். கிரஹாம் பியர்சனின் குழு அதற்குள் வேறொரு கனிமத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டதோ ரிங்வுடைட் என்ற கனிமம். 0.04 மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கு, அவ்வளவுதான். அதுவரை விண்கற்களிலும் ஆய்வகங்களிலும் மட்டுமே பார்த்திருந்த கனிமம் அது. பூமியின் ஆழத்திலிருந்து நேராக மேலே வந்த முதல் துணுக்கு. 2014-ல் வெளியிட்டார்கள். அகச்சிவப்பு ஒளியை அதனுள் செலுத்திப் பார்த்ததில் எடையில் ஏறத்தாழ 1.4 சதவீதம் தண்ணீர் இருந்தது.

இங்கே "தண்ணீர்" என்ற சொல்தான் குழப்புகிறது. அந்தத் துணுக்கை உடைத்தால் ஒரு சொட்டுகூட ஒழுகாது. ஹைட்ரஜன் அணுக்கள் கனிமத்தின் ஆக்சிஜனோடு பிணைந்து படிகத்தின் கட்டுமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. பாறையைச் சூடாக்கி உருக்கினால் அவை தண்ணீராக வெளியேறும். அதனால்தான் கணக்கில் தண்ணீர் என்று எழுதுகிறோம். 410 கிலோமீட்டருக்கும் 660 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட ஆழம் முழுக்க இப்படி இருந்தால் பல கடல்களுக்குச் சமமான நீர் அங்கே இருக்கும்.

ஜனவரி 6, இரவு

கொதிப்பது பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தண்ணீர் 374 டிகிரியையும் சுமார் 221 பார் அழுத்தத்தையும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) தாண்டிவிட்டால் நீர் வேறு, ஆவி வேறு என்ற பிரிவே போய்விடும். கொதிப்பது என்றால் ஒன்று இன்னொன்றாக மாறவேண்டும். அங்கே மாற இரண்டு நிலை இல்லை. அதனால் ஆழத்துப் பாறைகளைப் படிக்கும் எங்கள் துறையில் தண்ணீர் என்பதைவிடப் பாய்மம் என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். மேலோட்டில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனாலே பல இடங்களில் இந்தக் கதைதான்.

ஜனவரி 8

"சரி, பேர் மாறினால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேர் மட்டும் மாறவில்லை, அதன் குணமே மாறிவிடுகிறது.

குவார்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுமணலில் பெரும்பகுதி அதுதான். சாதாரணச் சூட்டில் ஒரு கிலோ தண்ணீரில் 10 மில்லிகிராம் கரைவதே அதிகம். அதனால்தான் ஆற்றங்கரையில் மணல் மணலாகவே கிடக்கிறது. அதையே 800 டிகிரிக்கும் 10,000 பாருக்கும், அதாவது கண்ட மேலோட்டின் அடித்தளத்துக்குக் கொண்டுபோனால் ஒரு கிலோ தண்ணீர் ஏறத்தாழ 75 கிராம் குவார்ட்ஸை விழுங்கும்.

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன், ஆய்வு மாணவனாக இருந்த முதல் ஆண்டில். குச்சிபோன்ற தங்கக் குழாய். ஒரு முனையை மடக்கிப் பற்றவைத்து, உள்ளே 35 மில்லிகிராம் தண்ணீரும், உருண்டையாகத் தேய்த்த 5 மில்லிகிராம் குவார்ட்ஸ் துண்டும் போட்டு மறுமுனையையும் பற்றவைக்கவேண்டும். பற்றவைக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகி ஓடிவிடக் கூடாது. அதனால் குழாயின் கீழ்ப்பாதியை ஈரத்துணியில் சுற்றிப் பிடிப்போம். பிறகு எடை. 110 டிகிரி அடுப்பில் ஒரு இரவு வைத்து மறுபடி எடை. எடை குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை, தூக்கிப்போட வேண்டியதுதான். தப்பியதை உப்புக் குழலுக்குள்ளும் கிராஃபைட் உலைக்குள்ளும் வைத்து, பிஸ்டன்-சிலிண்டர் என்ற அழுத்தக் கருவியில் அழுத்திச் சூடேற்றுவோம். முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தினால் சில நொடிகளில் குளிர்ந்துவிடும்.

தங்கக் குழாயை ஊசியால் குத்தியபோது உள்ளே வெள்ளைப் பஞ்சுபோல ஏதோ படிந்திருந்தது. கரைந்திருந்த சிலிக்கா குளிர்ந்ததும் வெளியே வந்து விழுந்தது அது. நடுவில் என் குவார்ட்ஸ் துண்டு. மைக்ரோகிராம் தராசில் வைத்தால் பாதிக்குமேல் காணோம். கல் தண்ணீரில் கரைந்துபோயிருந்தது. அன்று தராசின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி நான்கு முறை நிறுத்தினேன்.

காரணம், சூட்டில் தண்ணீரின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னேற்றங்களுக்கு இடையிலான விசையைத் தண்ணீர் எவ்வளவு தணிக்கிறது என்ற அளவு, மாறுகிறது. அறைச்சூட்டில் 78. சூடேற ஏற விழுந்துகொண்டே வரும், அழுத்தம் ஏற ஏற மறுபடி உயரும். எதைக் கரைக்கும், எதைக் கரைக்காது என்பது இதை வைத்துத்தான்.

ஜனவரி 9

"அவ்வளவு ஆழம் யார் போய்ப் பார்த்தது?" நியாயமான கேள்வி.

ரஷ்யாவின் கோலா துளை 1970-ல் தொடங்கி 1989-ல் 12,262 மீட்டர் வரை போனது. அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், 180 இருந்தது. பாறை இறுகிக் காய்ந்து கிடக்கும் என்று நினைத்த ஆழத்திலும் தண்ணீர் இருந்தது. ஜெர்மனியின் கேடிபி துளை 9,101 மீட்டர். அங்கேயும் விரிசல்களில் கால்சியமும் சோடியமும் மிகுந்த உப்புநீர். கனடாவில் டிம்மின்ஸ் அருகே கிட் கிரீக் சுரங்கம், 2.4 கிலோமீட்டர் ஆழம். பாறையில் துளையிட்டால் நீர் தானாகப் பீறிடுகிறது. அது 260 கோடி ஆண்டுப் பழமையானது. அதை ஆராய்ந்த பார்பரா ஷெர்வுட் லாலர் நாக்கில் வைத்தே பார்த்திருக்கிறார், கடல்நீரெல்லாம் அதற்குமுன் ஒன்றுமில்லையாம், அவ்வளவு உப்பு.

ஆனால் 12 கிலோமீட்டர் என்பது கவசத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதற்குக் கீழே எல்லாம் மேலே வந்த கல்லைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ஜனவரி 10

திருத்தம். 260 கோடி என்று தீர்ப்புபோல எழுதிவிட்டேன். 2013-ல் வந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அவர்கள் அளந்தது அந்த நீரில் கரைந்திருந்த செனான் முதலிய மந்த வாயுக்களை. பாறையின் யுரேனியம் பிளக்கும்போது செனான் பிறந்து நீரில் சேர்ந்துகொண்டே போகும். எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவு காலம் அந்த நீர் வெளியுலகோடு தொடர்பில்லாமல் இருந்திருக்கிறது. எந்தக் கணக்கை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை 110 கோடி முதல் 260 கோடி ஆண்டு வரை போகிறது. சராசரியாகக் குறைந்தது 150 கோடி என்று சொல்வதுதான் நேர்மை. பெரிய எண் எளிதில் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

ஜனவரி 14

இன்னொரு திருத்தம், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. ஜனவரி 8-ல் குவார்ட்ஸ் கரைவதற்கு மின்காப்பு மாறிலியைக் காரணம் காட்டினேன். குவார்ட்ஸுக்கு அது பொருந்தாது. மின்னேற்றம் உள்ள அயனிகளுக்குத்தான் அந்த விளக்கம். சிலிக்கா கரையும்போது பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறாகக் கரைகிறது. அங்கே முக்கியம் சூடும் தண்ணீரின் அடர்த்தியும். அழுத்தத்தில் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கும்போது சிலிக்காவைச் சூழ்ந்து பிடிக்க அதிகம் பேர் கிடைக்கிறார்கள். இன்னும் ஆழத்தில் சிலிக்கா மூலக்கூறுகளே இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்கின்றன. ஏறத்தாழ 1,080 டிகிரி, 9,700 பார் அளவில் நீரும் உருகிய சிலிக்காவும் ஒன்றோடொன்று முழுக்கக் கலந்துவிடும். அதற்குமேல் "இது தண்ணீர், இது பாறைக்குழம்பு" என்று கோடு போட முடியாது. ஆய்வாளர் கென்னடியும் அவர் கூட்டாளிகளும் 1962-லேயே காட்டியது.

ஜனவரி 17

மேலே வந்த கல்லைப் படிப்பது என்றேன். எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் ஆறு ஆண்டு இதில்தான் போனது, அதனால் கொஞ்சம் நீளும்.

படிகம் வளரும்போது தன்னைச் சுற்றியிருந்த பாய்மத்தில் ஒரு துளியை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். ஆய்வகத்தில் ஃப்ளூயிட் இன்க்ளூஷன் என்போம். எனக்குச் சிமிழ் என்று சொல்லத்தான் பிடிக்கும். பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பால்போல வெளுத்த குவார்ட்ஸ் வெளுப்பாகத் தெரிவதே இந்தச் சிமிழ்கள் கோடிக்கணக்கில் நெருங்கியிருந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான். ஹென்றி சோர்பி 1858-லேயே சிமிழை வைத்துப் படிகம் பிறந்த சூட்டைக் கணக்கிடலாம் என்று எழுதினார். கல்லை நுண்ணோக்கியில் பார்ப்பதையே மற்றவர்கள் விசித்திரமாக நினைத்த காலம் அது.

பாறையை இருபுறமும் மெருகேற்றிய மெல்லிய சீவலாக்கி, சூடாக்கவும் குளிர்விக்கவும் முடிகிற மேடையில் வைத்துப் பார்ப்போம். நீர்ச்சிமிழ் என்றால் உள்ளே ஒரு குமிழி இருக்கும். சின்னக் குமிழியாக இருந்தால் அது சும்மா இருக்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். சூடாக்கினால் குமிழி சுருங்கி ஒரு சூட்டில் மறையும். குளிர்வித்தால் உறையும். உறைந்தது எந்தச் சூட்டில் உருகத் தொடங்குகிறது என்பதை வைத்து என்ன உப்பு என்று சொல்லலாம். சாதாரண உப்பு மட்டும் என்றால் மைனஸ் 21.2. கால்சியம் சேர்ந்தால் மைனஸ் 50 சொச்சம்.

மேலோட்டின் அடியிலிருந்து வந்த கிரானுலைட் பாறையில் சிமிழ்கள் வேறு மாதிரி. கருத்த விளிம்பு, குமிழி இல்லை. முதல் நாள் வெறும் ஓட்டை என்று நினைத்தேன். திரவ நைட்ரஜன் விட்டுக் குளிர்வித்தபோது மைனஸ் 100-ஐ நெருங்கி சட்டென்று மணல்மணலாக உறைந்தது. மெதுவாகச் சூடேற்றினால் மைனஸ் 56.6-ல் எல்லாம் ஒரே நேரத்தில் உருகுகிறது. உருகியதும் குமிழி ஒன்று தென்படுகிறது. மைனஸ் 30 வாக்கில் அந்தக் குமிழியும் சுருங்கி மறைகிறது. மைனஸ் 56.6 சுத்தமான கார்பன் டை ஆக்சைடின் முத்திரை. குமிழி மறைந்த சூடு அதன் அடர்த்தியைச் சொல்லும். மேலோட்டின் அடியில் நசுங்கி அடைபட்ட வாயு.

ழாக் தூரே 1971-ல் தெற்கு நார்வேயின் கிரானுலைட்டில் இதைக் காட்டினார். கர்நாடகத்தின் கப்பால்துர்கா குவாரியில் நைஸ் என்ற வெளிறிய பாறை திட்டுத்திட்டாகச் சார்னோகைட் என்ற கருத்த, உலர்ந்த பாறையாக மாறி நிற்பதை 1960-லேயே பிச்சமுத்து எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்து, கீழிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை விரட்டிப் பாறையை உலர்த்திவிட்டது என்ற விளக்கம் 1980-களில் வலுவாக நின்றது. என் பாறைகளும் அதையேதான் சொல்கின்றன. கீழ்மேலோட்டின் பாய்மம் கார்பன் டை ஆக்சைடு.

பிப்ரவரி 2

மேலே உள்ள குறிப்பின் கடைசி வாக்கியம் இரண்டு வாரமாக உறுத்துகிறது. இதே வாக்கியத்தை என் ஆய்வேட்டிலும் எழுதினேன். என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடர்த்தியிலிருந்து நான் கணக்கிட்ட அழுத்தம், அதே பாறையில் இருந்த கார்னெட் என்ற கனிமம் காட்டிய அழுத்தத்தைவிடக் குறைவாக வந்தது. சிமிழ்கள் பிற்பாடு, பாறை மேலே வரும் வழியில் அடைபட்டவை என்று எழுதி நகர்ந்துவிட்டேன். மதிப்பீடு செய்தவர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இதில் தண்ணீர் இல்லை என்று எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் வந்தது. கண்ணால் பார்த்தேனே என்றேன். பிறகுதான் விளங்கியது, கண்ணால் பார்த்ததுதான் பிரச்சினை. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த சிமிழில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அது சுவரோடு மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் தெரியாது. அதே சீவல்களை 150 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ராமன் கருவியில், அதாவது லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்து உள்ளே என்ன மூலக்கூறு என்று காட்டும் கருவியில், வைத்தோம். படலம் வாயுவில் கரைந்துவிட, பதினொரு சிமிழில் நான்கில் தண்ணீரின் கோடு எழுந்தது.

அதற்குமேல் இன்னொன்று. 1990-ல் பாக்கரும் யான்சனும் காட்டியது இது: குவார்ட்ஸ் அழுத்தத்தில் நெளியும்போது படிகத்தின் குறைபாடுகள் வழியாகச் சிமிழிலிருந்து தண்ணீர் கசிந்துபோகும், கார்பன் டை ஆக்சைடு தங்கிவிடும். அப்படியானால் என் சிமிழில் எஞ்சியிருப்பது தொடக்கத்தில் இருந்த கலவையே அல்ல, கிளம்ப முடியாமல் நின்ற பாதி.

அப்போது ஒரு மாதம் ஆய்வேட்டில் எதுவும் எழுதவில்லை. பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒரு சீவலின் ஓரத்தில் நானே பென்சிலில் எழுதியிருந்தேன்: "சதுரப் படிகம் உள்ள சிமிழ் மூன்று. பொருந்தவில்லை." அந்தச் சதுரம் உப்பு. மிகச் செறிந்த உப்புநீர் குளிர்ந்தபோது உதிர்ந்த உப்புக்கட்டி. பொருந்தவில்லை என்று நான் விட்டுவிட்ட அந்த மூன்றும்தான் மிக முக்கியமான சாட்சி. செறிந்த உப்புநீரும் பாறையை "உலர்ந்தது"போல வைத்திருக்கும், ஏனென்றால் அதில் தண்ணீரின் வேதிச்செயல்பாடு, அதாவது வினையில் சேரும் திறன், குறைவு. கூடவே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் சுமந்து நகரவும் அதனால் முடியும், கார்பன் டை ஆக்சைடால் முடியாது. நியூட்டனும் அரனோவிச்சும் 1998-ல் மற்றவர்களோடு சேர்ந்து இதைத்தான் வாதிட்டார்கள். அந்த நியூட்டன் கார்பன் டை ஆக்சைடு விளக்கத்தை 1980-ல் முன்வைத்தவர்களில் ஒருவர். தன் முந்தைய நிலைப்பாட்டைத் தானே திருத்தி எழுதினார். எனக்கு அது அப்போது பெரிய தைரியம் தந்தது.

தண்ணீரை எல்லாம் பாறைக்குழம்பு உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது, பாய்மமே தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதமும் வலுவானது. என் பாறைகளைப் பொறுத்தவரை உப்புநீர் இல்லாமல் அந்த மூன்று சிமிழை விளக்க முடியாது. அவ்வளவுதான் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்.

பிப்ரவரி 3

அப்புறம் ரிங்வுடைட் பற்றி. "முழுக்க இப்படி இருந்தால்" என்று எழுதினேன், அந்த "இருந்தால்" பெரிய "இருந்தால்". ஒரு வைரம் ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசும். பிப்ரவரி 2-க்குப் பிறகு ஒற்றைச் சாட்சியை நம்பச் சொல்லி யாரிடமும் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 11

"கணக்கு போட்டுச் சொல்லிவிட முடியாதா?" நெடுங்காலம் முடியவில்லை.

சூடான நீரில் எது எவ்வளவு கரையும் என்பதற்கான சமன்பாடுகளை ஹெல்கெசன், கிர்க்காம், ஃபிளவர்ஸ் மூவரும் 1981-ல் தந்தார்கள். துறை முழுக்க அதைத்தான் பயன்படுத்தியது. அதன் எல்லை 5,000 பார். மேலோட்டின் பாதியிலேயே வரைபடம் முடிந்துவிடும். நான் மாணவனாக இருந்தபோது கணினியில் 10,000 பார் என்று போட்டால் நிரல் மறுத்துவிடும். எங்கள் கல்லோ 10,000 பாரிலிருந்து வந்தது.

காரணம் ஒன்றே ஒன்று: அந்த அழுத்தத்தில் நீரின் மின்காப்பு மாறிலி யாருக்கும் தெரியாது. அளக்கும் கருவி அங்கே தாங்காது. 2013-ல் பான், கல்லி, ஸ்வெர்ஜென்ஸ்கி முதலியோர் அதை மூலக்கூறுகளின் இயற்பியலிலிருந்தே கணினியில் கணக்கிட்டார்கள். உடனே கிடைத்த விடைகளில் ஒன்று, மேலே கரையாத மக்னீசியம் கார்பனேட் கவசத்தின் ஆழத்தில் ஓரளவு கரையும் என்பது. அப்படியென்றால் கவசத்துக்குள் அமிழும் கடலடித் தட்டின் (பூமியின் மேற்புறப் பாறைப் பலகை) கார்பனைத் தண்ணீர் எடுத்துச் செல்ல முடியும். அடுத்த ஆண்டே ஸ்வெர்ஜென்ஸ்கியின் ஆழ்பூமி நீர் மாதிரி 60,000 பார் வரை, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஆழம் வரை போனது.

எனக்குப் பிடித்தது 2015-ல் ஃபாங் ஹுவாங்கும் ஸ்வெர்ஜென்ஸ்கியும் சொன்னது. வைரம் உண்டாக ஆக்சிஜன் கூடவோ குறையவோ வேண்டும் என்றுதான் பாடம் படித்தோம். அவர்கள் கணக்குப்படி, பாய்மம் ஒரு பாறையிலிருந்து வேறொரு பாறைக்குள் நகரும்போது அதன் பி.எச். குறைந்தாலே வைரம் வீழ்படியும். புளிப்பு ஏறியதால் வைரம்! கணக்கிலிருந்து வந்த முடிவு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ஆழத்துப் பாய்மத்துக்கும் அமில-காரக் கணக்கு உண்டு என்று யாரும் அதுவரை அவ்வளவாக யோசிக்கவில்லை.

(பி.எச். 7 என்றால் நடுநிலை என்பது அறைச்சூட்டுக்குத்தான். 300 டிகிரியில் நடுநிலை ஐந்தரை சொச்சம்.)

பிப்ரவரி 20

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மகளின் அடுத்த கேள்வி: உள்ளே போன தண்ணீர் திரும்பி வருமா?

வரும். வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சாட்சி பெரிலியம்-10. காற்றுமண்டலத்தில் காஸ்மிக் கதிர் மோதி உண்டாகும் அணு. மழையோடு இறங்கிக் கடலடிச் சேற்றில் படியும். அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டு. பூமியின் ஆழத்தில் பழைய பெரிலியம்-10 மிச்சம் இருக்க வழியே இல்லை. 1980-களில் டெரா, மாரிஸ் முதலியோர் எரிமலைக் குழம்புகளில் அதைத் தேடினார்கள். ஹவாயில் இல்லை. நடுக்கடல் மலைத்தொடர்களில் இல்லை. தட்டு அமிழும் இடங்களின் எரிமலைகள் சிலவற்றில் இருந்தது. அதாவது வானத்தில் பிறந்து, கடலடியில் படிந்து, தட்டோடு நூறு கிலோமீட்டர் அமிழ்ந்து, அங்கே வெளியேறிய பாய்மத்தோடு மேலேறி, எரிமலையில் வெளிவந்திருக்கிறது. எல்லாம் ஒரு கோடி ஆண்டு சொச்சத்துக்குள்.

பிப்ரவரி 21

பாய்மத்தோடு என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். பெரிலியம் வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. நல்ல சூடான, சிலிக்கா நிறைந்த பாய்மமோ, சேறு உருகிய குழம்போ வேண்டும். ஜனவரி 14-ல் சொன்ன கோடு அழியும் இடம் நினைவிருக்கிறதா? அங்கே இந்த இரண்டும் ஒன்றுதான். தண்ணீரோடு சுலபமாக ஓடும் போரானும் அதே எரிமலைகளில் பெரிலியம்-10-ஓடு சேர்ந்து கூடுவதை மாரிஸ் 1990-ல் காட்டினார்.

மார்ச் 1

எரிமலைக்கு முன்பே திரும்பிவிடும் நீரும் உண்டு. மரியானா அகழிக்கு அருகே கடலடியில் பாம்புக்கல் (கவசப் பாறை நீரோடு வினைபுரிந்து உண்டாகும் கல்) சேற்றைக் கக்கும் எரிமலைகள் இருக்கின்றன. சூடான குழம்பு அல்ல, பச்சை-நீலச் சேறு. 1989-ல் அவற்றில் ஒன்றான கோனிக்கல் குன்றில் துளையிட்டபோது வந்த நீர் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது, பி.எச். 12-க்கும் மேல். அமிழும் தட்டு பிழியப்பட்டு வெளியேறிய நீர் கவசப் பாறை வழியாக ஏறி வந்திருக்கிறது. துளையிட்டு எடுத்த சேற்றைப் பிழிந்து குப்பியில் பிடித்திருக்கிறார்கள்.

மகளுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கல் ஒன்று கிடைத்தால், கல்லறுக்கத் தெரிந்த யாரிடமாவது மெல்லிய சீவலாக்கி இருபுறமும் மெருகேற்றித் தரச் சொல்லுங்கள். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 400 மடங்கு போதும். பொறுமையாக நகர்த்திக்கொண்டே போகவேண்டும், அரை மணிநேரம்கூட ஆகலாம். ஒரு சிமிழுக்குள் சின்னக் குமிழி துள்ளிக்கொண்டிருக்கும். பல கோடி ஆண்டுக்கு முன் அடைபட்ட தண்ணீரில் அது இன்னும் நிற்கவில்லை. அலையா என்று கேட்டால், அதற்கு மிக நெருக்கமானது அதுதான் என்று சொல்லுங்கள்.